பத்து லிட்டர் வெந்நீர்

வெந்நீரைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் எண்ணக்கூடும். ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் மலேசியாவில் குழாய் நீரே ஏறக்குறைய 27 பாகை வெம்மையுடன் வந்து சேர்கிறது. குளியலறைச் சுவரில் மாட்டிய மின்கருவி அதனைப் பத்துப் பன்னிரண்டு பாகை உயர்த்திவிட்டால் போதும். அந்தச் சிறு உயர்வுக்கே 3 கிலோவாட்டுக்கு மேல் மின்னாற்றல் வேண்டியிருக்கிறது என்பதை யார் நினைக்கிறார்கள்? விசையைத் தட்டுகிறோம், குளிக்கிறோம். வெம்மைக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதை நான் கண்கூடாகக் கண்டது 2019 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நியூசிலாந்தின் தென் தீவில், 'கேம்பர் வேன்' எனப்படும் வீட்டு வண்டியில் பயணம் செய்தபோதுதான். அங்கு அது கடுங்குளிர்க் காலம்.

கிரைஸ்ட்சர்ச் நகரில் மகன் அந்த வண்டியை வாடகைக்கு எடுத்தான். நானும் என் மனைவியும், மகனும் மருமகளும், ஆறு வயதுப் பேரனுமாக ஐவர். என் மனைவிக்கு நெடுநாளாக மூட்டுவாதம். காலையில் விரல்களை வெந்நீரில் வைத்து இளக்கிக்கொண்டால்தான் சட்டைப் பொத்தானையேனும் போட முடியும். ஆனால் பனிமலையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய தீராத ஆசை. "அம்மாவுக்குத் தாங்காவிட்டால் மூன்றாம் நாளே திரும்பிவிடுவோம், அப்பா" என்று மகன் என்னிடம் தனியே சொல்லிவைத்தான். ஆகவே எவ்வளவு தூரம் போவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, வண்டியின் அடியில் பொருத்தியிருந்த ஒரு வெந்நீர்க் கருவியிடம் போய்ச் சேர்ந்தது.

அதன் கொள்ளளவு 10 லிட்டர். எரிவாயுவில் இயங்குவது, மின்னிணைப்புள்ள முகாமில் நின்றால் மின்சாரத்திலும் இயங்கும். வண்டியின் 12 வோல்ட் மின்கலம் விளக்குக்கும் நீரேற்றும் பம்புக்கும் உதவுமேயன்றி நீரைக் காய்ச்ச உதவாது. 8 பாகையில் இருக்கும் 10 லிட்டர் நீரை 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 0.6 யூனிட் மின்சாரம் வேண்டும்; 100 ஆம்பியர்-மணி மின்கலத்தின் முழுச் சேமிப்பில் அது பாதி. அதே வேலையை எரிவாயு 60 கிராம் செலவில் முடித்துவிடும்.

பொறியியல் படித்த மருமகள் முதல் நாளிரவே தாளும் பேனாவுமாக அமர்ந்தாள். அந்த 10 லிட்டர் வெந்நீருடன் 8 பாகைக் குளிர்நீரைக் கலந்தால், குளிப்பதற்கேற்ற 40 பாகை நீர் 16 லிட்டர்தான் கிடைக்கும். நம் ஊர்க் குழாய் நீரைக் கலந்திருந்தால் 25 லிட்டர் கிடைத்திருக்கும். நிமிடத்துக்கு 9 லிட்டர் பொழியும் குழாயில் 16 லிட்டர் இரண்டு நிமிடங்கூட நில்லாது. "ஆளுக்கு இருபது விநாடி, மாமா!" என்று சிரித்தாள்.

என் மனைவி அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. அவள் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஏழு பேருக்கு ஒரே தவலை வெந்நீர். ரப்பர்க் கட்டை எரியும் அடுப்பு. அந்த நீரைத் தாயார் பங்கிட்ட விதம் அவள் கைகளுக்குத் தெரியும். விசையின் பொறுப்பை ஒருவரையும் கேளாமல் தானே ஏற்றுக்கொண்டாள்.

காலை ஏழு மணிக்கு முதலில் குழாயைத் திறந்து, காற்றுச் சீறாமல் நீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பாள். வெறுங்கலத்தைச் சூடாக்கினால் கருவி கெட்டுவிடும் என்று வண்டி கொடுத்தவர் சொன்னதை அவள்தான் கவனமாகக் கேட்டிருந்தாள். இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் நீர் காய்ந்துவிடும், உடனே அணைத்துவிடுவாள். அணைக்காமல் விட்டால் கலம் சிறிது ஆறுவதும் கருவி மீண்டும் எரிவதுமாக, யாருக்கும் பயன்படாமல் வாயு செலவாகிக்கொண்டே இருக்கும். வெந்நீர் வருவதற்கு முன் குழாயிலிருந்து வரும் குளிர்நீர் தேநீர்க் கெண்டிக்குப் போகும். பிறகு ஒரு பேசினில் இரண்டு லிட்டர், அவளுடைய விரல்களுக்கு. எஞ்சியதில் இருவர் குளியல்: நனைந்ததும் குழாயை மூடி, சோப்புத் தேய்த்து, மறுபடி திறக்க வேண்டும். கடைசியில் வரும் வெதுவெதுப்பான நீர் பாத்திரங்களுக்கு. மற்றவர்களின் குளியல் மாலையில், இரண்டாம் காய்ச்சலில்.

இத்தனை சிக்கனமும் எரிவாயுவுக்காக என்று மகன் எண்ணிக்கொண்டிருந்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 9 கிலோ தோம்பு ஒன்றில் 150 முறை நீர் காய்ச்சலாமே! வீட்டு வண்டியில் உண்மையான பஞ்சம் நீருக்குத்தான். நல்ல நீர்த்தொட்டி வற்றுவதும் கழிவுநீர்த்தொட்டி நிரம்புவதும் ஒரே வேகத்தில் நடக்கும். இரண்டுக்கும் இடந்தேடி ஓடுவதிலேயே பாதி நாள் கழியும்.

மூன்றாம் இரவு, ஆவோராகி மலையடிவாரத்தில் வைட் ஹார்ஸ் ஹில் முகாமில் தங்கினோம். அங்கே மின்னிணைப்பு இல்லை. பொழுது சாயும்போதே புல்லில் உறைபனி படிந்துவிட்டது. எங்கள் கருவியில் ஒரு தற்காப்பு அடைப்பான் உண்டு. அதனருகே வெம்மை 3 பாகை அளவுக்குத் தாழ்ந்தால் அது தானே திறந்து, கலத்து நீர் முழுவதையும் தரையில் கொட்டிவிடும். உறைந்த நீர் கலத்தைப் பிளந்துவிடாமலிருக்க அந்த ஏற்பாடு. கருவிக்கு அது காப்பு. ஆனால் விடிந்ததும் என் மனைவியின் விரல்களுக்கு நீர் இராது.

மகன் தோம்பைத் தூக்கிப் பார்த்து எடையை மதிப்பிட்டான். வண்டிக்குள் காற்றைச் சூடாக்குவதும் அதே கருவிதான். அதற்குச் செலவாகும் வாயு நீருக்கு ஆவதைவிடப் பல மடங்கு. "இரவு முழுவதும் எரியவிட்டால் நாளைக்குள் தோம்பு தீர்ந்துவிடலாம், அம்மா" என்றான். விளக்கு ஒன்று வீணாக எரியப் பொறுக்காதவள், "தீர்ந்தால் தீரட்டும். குறைத்து வை, அணைக்காதே" என்றாள். அன்றிரவு எவரும் ஆழ்ந்து உறங்கவில்லை. நான் நள்ளிரவில் இருமுறை எழுந்து, வண்டிக்கடியில் நீர் கொட்டும் ஓசை கேட்கிறதா என்று செவிசாய்த்தேன்.

காலையில் குழாய் சீறவில்லை, நீர் இருந்தது. பேசினில் ஆவி பறக்க விரல்களை நனைத்து, ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி, குளிராடையின் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு அவள் வெளியே இறங்கினாள். 3,724 மீட்டர் உயர மலையின் உச்சியில் மட்டும் வெயில் விழுந்திருந்தது. பேரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நெடுநேரம் நின்றார்கள்.

திரும்பும் பேச்சை மகன் எடுக்கவில்லை. "அடுத்து எங்கே போகலாம், அம்மா?" என்று கேட்டான்.

"முதலில் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் போ" என்றாள்.