மீட்டரை மட்டும் கேட்காதீங்க

"ஒரே ஆள் ஓடின வாகனம், 38 ஆயிரந்தான் ஓடியிருக்கு, எல்லாமே ஒரிஜினல்." பழைய பிக்கப் பார்க்கப் போகிற எல்லாருக்கும் இந்த வசனம் பாடம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இதற்கு விலையும் கூடிவிட்டது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பத் திறந்தது. ஆனால் வரியைக் கேட்டதும் கிண்ணியாவில் பலர் மறுபடியும் பழசைத்தான் தேடுகிறார்கள்.

எங்கட மாமாவும் அப்படித்தான். நெல் மூட்டை ஏற்ற ஒரு 1983 ஹைலக்ஸ் பார்த்து வைத்திருந்தார். 'ஒரிஜினல்' என்ற ஒரு சொல்லுக்காகவே நல்ல தொகை கூட்டிக் கேட்டார்கள். அந்தக் காசுக்கு மாமியின் நகைதான் அடகுக்குப் போகணும். அதனால் நாங்கள் மூன்று பேர் ஒரு டோர்ச்சும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு போனோம்.

முதலில் கணக்கு. 42 வருஷத்தில் 38,000 கிலோமீற்றர் என்றால் ஒரு நாளைக்கு இரண்டரைக் கிலோமீற்றர். திருகோணமலை டவுனுக்கு ஒருக்கா போய் வந்தாலே பல நாள் கணக்கு முடிந்துவிடும். அதோடு இந்த மீட்டரில் ஐந்து இலக்கந்தான். 99,999 தாண்டினால் திரும்பப் பூச்சியம். அப்போ 38,000 என்பது 1,38,000 ஆகவும் இருக்கலாம், 2,38,000 ஆகவும் இருக்கலாம். மீட்டர் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. மற்றச் சாட்சிகளையும் கேட்கணும்.

கிளட்ச் பெடல் ரப்பர் புத்தம் புதுசு, பக்கத்தில் எக்ஸிலேட்டர் ரப்பர் தேய்ந்து வழுவழு. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் மினுங்கியது. குறைவாக ஓடிய வாகனத்தில் இதெல்லாம் இப்படித் தேயாது.

அடுத்தது கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் தயாரித்த கம்பெனியின் அடையாளம் இருக்கும். இடது கதவில் மட்டும் வேறு அடையாளம். அந்தப் பக்க மட்கார்ட் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடைந்திருந்தது, யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். துணி சுற்றிய காந்தம் அதே பக்கத்தில் இரண்டு இடத்தில் ஒட்டவில்லை. உள்ளே தகடு இல்லை, பட்டி.

பிறகு உப்பு. எங்கட ஊரைச் சுற்றித் தண்ணீர். 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறக்கும் வரைக்கும் வாகனங்கள் பாதையில் ஏறித்தான் துறை கடந்தன. 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்தது. இங்கே 42 வருஷம் இருந்த வாகனத்தின் அடிப்பக்கம் ஒட்டுப் போடாமல் இருந்தால்தான் அதிசயம். இதில் புதுசாகக் கறுப்புப் பூசியிருந்தார்கள். விரலால் தட்டியபோது வெட்டி ஒட்டிய வெல்டிங் தெரிந்தது.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது: செசி நம்பர். பதிவுப் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டோம். கிரைண்டர் போட்ட தடம் இல்லை, எழுத்துகளும் ஒரே ஆழம். எஞ்சின் நம்பரும் சரி. இது பிழைத்திருந்தால் மற்றது எதையும் பார்க்காமலே திரும்பியிருப்போம். தேய்ந்த ரப்பரை மாற்றலாம், பிழையான செசி நம்பரோடு பொலிஸுக்கும் கோர்ட்டுக்கும் யார் அலைவது?

கண்டதையெல்லாம் விற்கிறவரிடமே சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "உழைச்ச வாகனந்தானே மகன், சும்மா நிண்டதா?" என்றார். அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். மாமாவுக்குத் தேவையும் உழைக்கிற வாகனந்தான். பேச்சு திரும்ப விலையிலிருந்து தொடங்கியது, இந்த முறை 'ஒரிஜினல்' என்ற சொல் இல்லாமல். மாமியின் வளையல் இரண்டு தப்பியது.

நீங்களும் பார்க்கப் போனால், பழுது பார்த்ததற்காக ஒரு வாகனத்தை ஒதுக்காதீங்க. மறைத்ததற்கு மட்டும் காசு கொடுக்காதீங்க.