மூக்கைப் பார்த்தால் போதும்

கொழும்பில் வெள்ளவத்தைக் கால்வாய் கடலைத் தொடுவதற்குச் சற்று முன், காலி வீதிக்குக் கீழாகப் போகிறது. அந்தக் கலங்கல் நீரில் ஒரு கறுத்த தலை மிதந்து வந்தது. கால்கள் உடம்போடு ஒட்டிக் கிடக்க, பக்கவாட்டில் தட்டையான வால்தான் இடமும் வலமும் வீசி அதை ஓட்டியது. கரையேறியபோது பார்த்தேன்: ஓர் ஆள் நீளம் இருக்கும். முதுகில் குறுக்கு வரிசைகளாக மஞ்சள் வளையங்கள்.

“உது கபரகொய்யா, தம்பி. பயப்பிடாதேங்கோ. கிட்டப் போனால் வாலாலை அடிக்கும், அவ்வளவுதான்” என்றார் செவ்விளநீர் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர்.

நம் ஊர் உடும்புக்கு நெருங்கிய உறவு இது, நீர் உடும்பு. நம்முடைய உடும்பும் இலங்கையில் உண்டு, அங்கே அது தலகொய்யா. இரண்டையும் நிறத்தை வைத்துப் பிரிக்கப் பார்ப்பது வீண் வேலை. குட்டியில் பளிச்சென்றிருக்கும் மஞ்சள், வயதாக ஆகக் கறுப்புக்குள் மங்கிவிடும். சேறு அப்பிக்கொண்டால் எல்லாமே ஒரே நிறம். நான் நம்புவது மூக்கை. நீர் உடும்பின் மூக்குத்துளை முகத்தின் நுனிக்குப் பக்கத்திலேயே, வட்டமாக இருக்கும். உடல் முழுவதும் நீருக்குள் இருந்தாலும் நுனியை மட்டும் வெளியே நீட்டினால் மூச்சு விடலாம். தலகொய்யாவின் துளையோ ஒரு கீறல் போல, கண்ணுக்கும் முகநுனிக்கும் ஏறத்தாழ நடுவில், சாய்வாக இருக்கும்.

மறுநாள் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டைப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் அதையும் பார்த்துவிட்டேன். சருகுக்குள் முகத்தைப் புதைத்து, நகத்தால் மண்ணைப் பறித்துப் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. தலை தூக்கியதும் அந்தக் கீறல் தெளிவாகத் தெரிந்தது. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. நகரத்தின் நடுவே இவ்வளவு பெரிய உயிர்கள் பிழைத்திருக்க இந்தச் சதுப்புகள்தான் இடம் தருகின்றன. செத்த மீன், எலி, நண்டு என எதையும் விடாமல் தின்று கால்வாயைச் சுத்தமாக வைப்பதில் கபரகொய்யாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை அருவருப்போடு பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் அந்த அருவருப்பே அதற்குக் காவலாகவும் இருந்திருக்கிறது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இரண்டையும் தனித்தனியாகவே எழுதியிருக்கிறார். ஒன்று பிணம் தின்பது, யாரும் உண்ணமாட்டார்கள். மற்றது சுவையான இறைச்சி. பெயர் மாறியதும் விதியும் மாறிவிடுகிறது. கபரகொய்யா கால்வாய்க் கரையில் வெயில் காய்கிறது. தலகொய்யா மனிதனைக் கண்டதும் புதருக்குள் ஓடுகிறது.

தமிழ்நாட்டில் நீர் உடும்பு இல்லை. இந்தியாவில் அதைக் காண ஒடிசாவின் பிதர்கனிகாவுக்கோ சுந்தரவனத்துக்கோ அந்தமானுக்கோ போகவேண்டும். நம்மிடம் இருப்பது வேட்டையாடப்படும் அந்த இனம்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் கறிக்காகவும் தைலத்துக்காகவும் இன்றும் அதைப் பிடிக்கிறார்கள்.