திருகோணமலை என்றொரு கப்பல்



இனாமலுவ சந்தியில் பஸ் ஏறினால் இரண்டரை மணித்தியாலத்தில் திருகோணமலை. அதே பெயரில் ஒரு போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் நிற்கிறது. பெயர் எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. இன்னும் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் ஆகப் பழையது இதுதான்.

இது கட்டப்பட்டது இங்கிலாந்தில் அல்ல, பம்பாயில். நெப்போலியன் யுத்தங்களால் அங்கே ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. பம்பாயிலோ நல்ல தேக்கு இருந்தது. அதோடு வாடியா குடும்பமும் இருந்தது. 1736இல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நுஸர்வான்ஜி என்ற பார்சித் தச்சர் தொடக்கம், தகப்பனிடம் மகன் படித்து, தலைமுறையாகக் கப்பல் கட்டியவர்கள். இந்தக் கப்பலின் வரைபடத்தைக் கொண்டுவந்த 'ஜாவா' என்ற கப்பல் 1812இல் அமெரிக்கர்களோடு நடந்த சண்டையில் அழிந்தது. வரைபடத்தை மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. கடைசியில் 1817 ஒக்டோபர் 12ஆம் திகதி, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய கப்பல் கடலில் இறங்கியது.

அன்றைய உலகின் ஆகப்பெரிய கடற்படை, தன் போர்க்கப்பலை நம்பி ஒப்படைத்தது ஒரு தச்சுக் குடும்பத்திடம். இதை ஏன் எழுதுகிறேன்?

அண்மையில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா சொன்னார்: "சேர், இவன் ஓ/எல் பாஸாகல்லண்டா வெல்டிங்குக்குத்தான் போடணும்." ஏதோ தண்டனை மாதிரி. பக்கத்தில் நின்ற மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் உடைந்த கதிரை, மேசையெல்லாம் திருத்துவது அந்தப் பிள்ளைதான்.

கப்பலின் மிச்சக் கதையையும் கேளுங்கள். 1840களில் அதைத் திருத்தி, பீரங்கிகளை 26ஆகக் குறைத்து, பெரிய பீரங்கிகளைப் பொருத்தினார்கள். 1897இல் உடைப்பதற்கென்றே விற்றுவிட்டார்கள். ஒருவர் வாங்கிக் காப்பாற்றி, இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கினார். 1986 வரை அந்த வேலை. அடுத்த வருடம் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊரின் கப்பல் கட்டும் தளங்கள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. ஆனால் 'வாரியர்' என்ற பழைய போர்க்கப்பலைத் திருத்தி முடித்த வேலையாட்கள் அங்கே இருந்தார்கள். தளம் போனாலும் கைவேலை போகவில்லை. 1990இல் தொடங்கி 2001இல் முடித்தார்கள். இன்றும் கப்பலில் அரைவாசிக்கு மேல் பம்பாயில் வைத்த அதே மரம்.

நம் நாட்டிலும் கொழும்பு டொக்யார்ட் நமது கடற்படைக்கே கப்பல் கட்டியிருக்கிறது. அங்கே தகடு வெட்டுகிறவர், வெல்டிங் செய்கிறவர், குழாய் பொருத்துகிறவர், மின் வேலை செய்கிறவர் இல்லாமல் எஞ்சினியரின் வரைபடம் வெறும் கடதாசிதான்.

வெல்டிங்கை முறையாகப் படித்தால் என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறது. அது படிப்படியாக ஏழாம் மட்டத்தில் பட்டத்துக்குச் சமமாகப் போகிறது. நைட்டாவில் தொழில் பழகுநர் பயிற்சி இருக்கிறது. ஆகவே பெறுபேறு வரும்வரை காத்திருக்காதீர்கள். "உனக்கு எந்த வேலை விருப்பம்?" என்று இப்போதே பிள்ளையிடம் கேளுங்கள். ஃபெயிலானவனுக்கு மிஞ்சும் வேலை என்று மட்டும் பிள்ளையின் முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

விண்ணப்பம் நிரப்ப உதவி தேவையானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து பார்ப்போம்.