கடுக்காயும் எருமைப்பாலும் சேர்ந்த சாயம்

தியாகராய நகரில் கால் வைத்தால் கண்ணில் படுவது புடவைதான். பனகல் பூங்காவை ஒரு சுற்று வந்தால் போதும். 1928-ல் நல்லி சின்னசாமி செட்டியார் ஆரம்பித்த கடை முதல் நேற்று திறந்த கடை வரை எல்லாமே ஜரிகை மயம்! ஆனால் இந்தப் பேட்டைக்குப் பெயர் தந்த சர் பிட்டி தியாகராய செட்டியாரே நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1920-களில் இங்கிருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் வீதிகள் போட்டார்கள். ஏரியை எதற்கு இழுக்கிறேன் என்கிறீர்களா? சாயத்துக்கும் தண்ணீருக்கும் இருக்கிற உறவு அப்படி. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

பாண்டி பஜாரில் 'கலம்காரி' என்று கேட்டால் மீட்டர் கணக்கில் எடுத்துப் போடுகிறார்கள். மயில், தாமரை, கொடி எல்லாம் இருக்கும். ஆனால் பெரும்பாலும் மெஷின் அச்சு. நிஜமான கலம்காரியைப் பார்க்க ஆசைப்பட்டு பஸ் ஏறித் திருவான்மியூர் போனேன். ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்திரா நாட்டியத்துக்கு மட்டும் பெயர் போனதல்ல. அடுத்த வருஷமே அங்கே தறி போட்டுவிட்டார்கள். 1978-ல் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் கலம்காரிப் பிரிவும் வந்தது. விசாரித்து, அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

இந்த அம்மாள் உப்பு சத்தியாக்கிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர். சுதந்திரத்துக்குப் பிறகு கைத்தொழில்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். ராகு-கேது பரிகாரத்துக்கு நாம் போகிறோமே காளஹஸ்தி, அங்கே இந்தக் கலை ஏறக்குறைய அணைந்தே போயிருந்தது. 1957-ல் பயிற்சி நிலையம் ஏற்படுத்தி, மூத்த கலைஞரான லட்சுமய்யாவைச் சொல்லிக்கொடுக்கச் செய்தார்கள். அவர் மகன் ஜொன்னலகட்ட குரப்ப செட்டி தகப்பனாரிடம் கற்றுத் தேர்ந்து, 2008-ல் பத்மஸ்ரீ பெற்றார். இப்போது பெண்களும் நிறையப் பேர் இதை எழுதுகிறார்கள். ஆமாம், வரைவது அல்ல, எழுதுவது! கலம் என்றால் பேனா. மூங்கில் குச்சியைச் சீவி, நடுவில் கம்பளியோ துணியோ சுற்றி, நூலால் கட்டிக்கொள்கிறார்கள். சாயத்தில் தோய்த்து, விரலால் அமுக்க அமுக்கக் கோடு இறங்குகிறது.

இனிமேல்தான் நம் சமையலறை சமாச்சாரம். காடாத் துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பாலிலுள்ள கொழுப்பு, சாயம் பரவாமல் தடுக்குமாம். கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். அந்தப் பழுப்புத் தண்ணீர் துணியில் பட்டதும் பாருங்கள், கண்ணெதிரே கறுத்துவிடுகிறது! அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கினால் கறுக்கிறதே, அதே சங்கதிதான். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு.

சிவப்பு இதைவிட ஆச்சரியம். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுதி, பிறகு சாயவேர், மஞ்சிட்டி போட்டுத் துணியைக் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும், மற்ற இடத்தில் அலசினால் போய்விடும். சாயவேர் வேறொன்றுமில்லை, சித்த வைத்தியத்தில் வருகிற இம்பூறல்தான். நீலத்துக்கு அவுரி.

ஒவ்வொரு நிறத்துக்கும் அலச வேண்டும், அதுவும் ஓடுகிற தண்ணீரில். தேங்கின நீரென்றால் கழன்ற சாயம் துணியிலேயே திரும்பப் படிந்துவிடும். காளஹஸ்திக்காரர்களுக்குச் சுவர்ணமுகி ஆறு. மணல் ஆறாக அது வறண்டு கிடந்தால் வேலை நின்றுபோகும். தண்ணீருக்கு இவர்கள் கட்டுப்பட்டவர்கள். ரசாயனச் சாயம் தண்ணீரையே கெடுத்துவிடுகிறது. திருப்பூரில் நொய்யல் பட்ட பாடு தெரியுமே! 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. மூடினால் எத்தனையோ வீடுகளில் உலை வைக்க முடியாது என்பதும் நிஜம்தான். இதற்குச் சுலபமான பதில் எனக்குத் தோன்றவில்லை.

காளஹஸ்தியோடு முடிந்துவிடவில்லை. தஞ்சைப் பக்கத்துக் கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோயில் தொம்பை, தோரணம் என்று எழுதி வந்த கைகள் அவை.

விலை? அதிகம்தான். என் வீட்டுக்காரர், "இதற்கு இரண்டு பட்டே வாங்கலாமே!" என்றார். புடவை வேண்டாம், ரவிக்கைத் துண்டோ தலையணை உறையோ வாங்கலாம். வாங்கும்போது கோடுகளை உற்றுப் பாருங்கள். ஒரே பூ நாலு இடத்தில் அச்சு அசலாக இருந்தால் அது கைவேலை இல்லை. கையால் எழுதியதில் ஓர் இதழ் பெரிசு, ஒன்று சிறிசாகத்தான் இருக்கும். புதுத் துணியில் லேசாகப் பால் வாசனையும் வரும்.

முதல் இரண்டு தடவை பச்சைத் தண்ணீரில் தனியே அலசி, நிழலில் உலர்த்துங்கள். சோடா, பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. கொஞ்சம் மஞ்சளாகத் தண்ணீர் இறங்கும். என் ரவிக்கைத் துண்டை அலசிய தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டேன்.