ஆடு இறங்கும் வழி

அகரத்தில் முத்தாலம்மன் திருவிழா முடிந்து சில நாள்கள். குடகனாற்றில் கணுக்கால் நனையும் தண்ணீர். ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி வருகிற ஆறு இது. வேடசந்தூரையும் அழகாபுரி அணையையும் கடந்து அமராவதியில் சேர வேண்டும். இங்கேயோ மணல் போன பள்ளங்களில் தேங்கித் தேங்கி நகர்கிறது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறேன். எதிர்க்கரையில் தோட்டக்காரர் ஒருவர் நொச்சிப் போத்து ஊன்றுகிறார். வயது அறுபதைத் தாண்டும். கடப்பாரையால் ஒரு குத்து, குழியில் போத்து, குதிகாலால் ஒரு மிதி. ஒரு முழம் தள்ளி அடுத்தது. இடையிடையே ஆடாதோடை. ஆடு தொடாதது என்று பேரிலேயே சொல்லிவிடுகிற செடி.

மாடும் ஆடும் கண்டபடி இறங்கிய இடங்களில் குளம்பு பட்டு மண் பொடிந்து, கரை சரிந்து கிடக்கிறது. கோரையும் நாணலும் இருந்தால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தலை நீட்டுவதற்குள் கடிபட்டுப் போகின்றன. அந்த வெறுங்கரையில் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. அதன் இலையை ஆடு சீண்டாது. நெற்றைத் தின்று, போகிற இடமெல்லாம் புழுக்கையோடு விதையைப் போடும். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. ஆனால் மேலே வெட்டினால் கட்டை துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும், அங்கே வேறொன்றை ஊன்றாவிட்டால் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும்.

ஆட்டைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேய்ச்சல் புறம்போக்கு சுருங்கச் சுருங்க, அவற்றுக்கு மிஞ்சிய பச்சை ஆற்றங்கரைதானே!

பிடுங்கிய கருவேல முள்ளையே போத்துகளுக்கு முன்னால் அடைப்பாகப் போட்டிருக்கிறார் தோட்டக்காரர். வெயில் ஏறும் நேரம், முப்பது வெள்ளாடுகளோடு ஒரு பெண் வருகிறார், தோளில் தொரட்டி.

“பெரியப்பா, இப்படி அடைச்சுப்புட்டா வாயில்லாச் சீவன் தண்ணிக்கு எங்க போகும்?”

“ஒன்னோட ஆட்டை மறிப்பேனா தாயி? அந்தா பாறை கெடக்குல்ல, அது வழியா எறக்கு. அங்க மண்ணு சரியாது.”

பாறை பக்கம் முள் இல்லை. இரண்டு ஆடு ஒன்றாக நுழையும் அகலம். முன்னாடு இறங்க, மற்றவை பின்தொடர்கின்றன. ஒரு குட்டி மட்டும் நொச்சியை மோந்துபார்த்துத் தும்மிவிட்டு ஓடுகிறது.

தண்ணீர் குடித்து எல்லாம் மேலேறுகின்றன. அவர் குனிந்து அடுத்த குழியைக் குத்திக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால், அடைப்பில் ஒரு முள்கிளை சரிந்து இடைவெளி விட்டிருக்கிறது. அந்தப் பெண் தொரட்டியால் அதை இழுத்து மூடிவிட்டு, ஆடுகளின் பின்னால் நடக்கிறார்.