சாக்குக்குள் ஒரு புல்லட்

திருவொற்றியூரில் செய்த வண்டியை வாங்க டெல்லி வரைக்கும் போவானேன் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் வாங்கியபோது டெல்லியில் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டி எதுவும் சாலையில் ஓடக் கூடாது என்றிருந்தது. அதனால் அந்த வயதை நெருங்கும் நல்ல வண்டிகள் மலிவாக வெளியே வந்தன. எனக்கு வாய்த்தது 2005 மாடல் புல்லட் 350. வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக்.

நேரில் போனதற்கு வேறு காரணமும் உண்டு. எதிர்வீட்டுத் தம்பி ஒருவன் போனிலேயே ஒரு வண்டியை முடித்தான். விற்றவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி அடையாள அட்டையின் படமும் அனுப்பினார். இடமாற்றமாம், அவசரமாம். முதலில் லாரி வாடகை கேட்டார், அப்புறம் வரி, அப்புறம் கேட் பாஸ். வண்டி வரவே இல்லை. அப்படியொரு வண்டி இருந்தால்தானே வரும்!

எனக்கு வண்டியை விற்றவர் ராஜௌரி கார்டனில் இருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சர்தார்ஜி. டீ கொடுத்துவிட்டுத்தான் வண்டியைத் தொட்டார். டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு, ஆம்பியர் மீட்டர் ஊசி நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தினார். ஊசி நின்றதும் ஒரே உதை. "பார்த்தாயா பேட்டா, எழுபது வயது காலுக்கே கேட்கிறது" என்றார். பேரம் அங்கேயே முடிந்தது.

பணம்தான் சிக்கல். வண்டியை ரயிலில் சென்னைக்கு அனுப்பும் ரசீது என் பெயரில் கைக்கு வராமல் மீதியைத் தர மாட்டேன் என்றேன் நான். பணம் ஏறாமல் உரிமை மாற்றத்துக்கான ஃபாரம் 29-லும் 30-லும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அவர். இருவர் சொன்னதும் சரி. என்.ஓ.சி.யை முன்பணம் வாங்கிய கையோடு எடுத்து வைத்திருந்தார், அது பெரிய விஷயம். கடைசியில் இருவருமே ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்குப் போனோம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல்கள், வண்டியை நான் அனுப்ப அவருக்குச் சம்மதம் என்று ஒரு கடிதம், என் டிக்கெட் எல்லாம் கவுண்டருக்குள் போயின. ரசீது வெளியே வந்ததும் நான் போனில் பணத்தை அனுப்பினேன். அவர் போன் 'டிங்' என்றது. புல்லட் சீட்டின் மேலேயே பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வண்டியைத் தனியாகப் பார்சலிலும் போடலாம், டிக்கெட் எடுத்து அதே ரயிலில் லக்கேஜாகவும் கொண்டுபோகலாம். லக்கேஜுக்குக் கட்டணம் கூடுதல். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று: மதிப்பை அறிவித்து அதற்கான தொகையைக் கட்டாவிட்டால், தொலைந்த பார்சலுக்கு ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு 100 ரூபாய், அவ்வளவுதான். 160 கிலோ புல்லட் பார்சலில் காணாமல் போனால் 8,000 ரூபாய்! மதிப்பை எழுதிக் கட்டிவிட்டேன்.

வெளியே பேக்கிங்காரர்கள் காத்திருந்தார்கள். டேங்கிலிருந்து பெட்ரோலை டியூப் போட்டு வடித்தார் ஒருவர், கார்பரேட்டர் கிண்ணத்தில் தங்கியதைக்கூட விடவில்லை. மிச்சம் இருந்தால் ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவில் அபராதம் மட்டுமல்ல, சிறைக்கும் இடமுண்டு. கண்ணாடிகளைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். எஞ்சின் எண், சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், டேங்கில் இருந்த பழைய நெளிவு எல்லாவற்றையும் படம் எடுத்தேன். ஹெட்லைட்டுக்கும் டேங்குக்கும் வைக்கோல் திணித்து, சாக்கைச் சுற்றி, கோணி ஊசியால் இழுத்து இழுத்துத் தைத்தார்கள். "ஹேண்டிலைப் பூட்டாதீர்கள் சாப், பூட்டினால் தரதரவென்று இழுத்துத்தான் ஏற்றுவார்கள்" என்றார் தைத்தவர். கியரை நியூட்ரலில் விட்டேன். அட்டையில் 'எம்.ஏ.எஸ்.' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டினார்கள். ஊர் சென்னையாகிவிட்டாலும் சென்ட்ரலின் குறியீட்டில் இன்னும் மெட்ராஸ்தான்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கு இருந்தது. அது புறப்படும் இடத்தில் ஏற்றி, முடியும் இடத்தில் இறக்கலாம். நடுவழி ஸ்டேஷனில் சில நிமிடமே நிற்கும் ரயிலில் வண்டி ஏறாமல் போகும், இறங்காமலும் போகும். நாக்பூரிலும் விஜயவாடாவிலும் பிளாட்பாரம் நெடுக ஓடி லக்கேஜ் பெட்டியைப் பார்த்தேன். பூட்டும் சீலும் மட்டும் தெரிந்தன. பக்கத்து சீட்டு அம்மா, "தம்பி, உள்ளே யாரை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

சென்ட்ரலில் சாக்கைப் பிரித்து, போனில் இருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டெலிவரி புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். க்ராஷ் கார்டில் ஒரு கீறல், வேறொன்றும் இல்லை. பெட்ரோல் பங்க் வரை தள்ளிக்கொண்டு போனதில்தான் முதுகு கழன்றது.

ரயில் செலவோடு கணக்கு முடியவில்லை. வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்துக்கொள்வதானால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும். டெல்லி விலையைக் கேட்டு மயங்குகிறவர்கள், அந்த வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.