மேலே கோல்ஃப்... கீழே ஏலக்காய்!

போடிநாயக்கனூர் வந்தாச்சுன்னு முதல்ல கண்டுபிடிக்கிறது உங்க மூக்குதான். ஏலக்காய் வாசம்! ஸ்பைசஸ் போர்டின் ஏலம் இங்கே கம்ப்யூட்டரில் நடக்குது. 8 மில்லிமீட்டர் காய்க்கு மவுசு ஜாஸ்தி. பச்சை மங்கினால் விலையும் மங்கிடும்.

இந்த ஊரில் போய் கோல்ஃபைத் தேடலாமா? தேடலாம் பாஸ், கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தால்! குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன். அதைத் தாண்டி மூணாறு ரோட்டில் குண்டளை. அங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே பச்சைக் கம்பளம் விரிச்ச மாதிரி ஒரு கோல்ஃப் மைதானம். வெள்ளைக்காரத் தோட்ட துரைகள் இந்த மலைக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது.

டாப் ஸ்டேஷன்னு பேர் இருக்கே, ரயில் எங்கேன்னு கேட்கிறீங்களா? இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டுக்கு இதுதான் செம தீனி! 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடுச்சு. சின்னச் சக்கரம் தண்டவாளத்தில், பேலன்ஸுக்கு ஒரு பெரிய சக்கரம் ரோட்டில், இழுக்க மாடு! 1908-ல் அது ரெட்டைத் தண்டவாள ரயிலா மாறுச்சு. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கிட்டே கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் போடிக்கு. அப்புறம் இங்கிலாந்துக்குக் கப்பல். 1924 வெள்ளம் ரயிலை மொத்தமா அடிச்சுட்டுப் போயிடுச்சு. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன்னு பேர் மட்டும் மிச்சம்.

விஷயத்துக்கு வருவோம். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி, பாஷை தெரியாத மலையில் ஒருத்தன் வேலை பார்க்கிறான். பக்கத்து எஸ்டேட் துரையைப் பார்க்கவே குதிரையில் போகணும். கிரிக்கெட்டுக்கு இருபத்திரண்டு பேர் வேணும், டென்னிஸுக்கு ரெண்டு பேராவது வேணும். கோல்ஃபுக்கு? ஒரு மட்டை, ஒரு பந்து, ஒரு ஆள் போதும். (உயரத்தில் காற்று அடர்த்தி கம்மி. அதனால் அதே அடிக்குப் பந்து கூடுதல் தூரம் போகும். எங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தில் உருப்படியா மண்டையில் ஏறினது இதுதான்!)

ஆனா, கோல்ஃப் உலகம் ஒத்தையாளை மதிச்சதே இல்லை. தனியா ஆடுறவருக்கு மைதானத்தில் எந்த அந்தஸ்தும் கிடையாது, கோஷ்டியா வர்றவங்களுக்கு வழி விட்டு ஒதுங்கணும்னு விதிப் புத்தகத்தின் மரியாதைப் பகுதியிலேயே ரொம்ப காலம் எழுதி வெச்சிருந்தாங்க. 2004-ல்தான் அதை எடுத்தாங்க. 2016-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இன்னொரு குண்டு போட்டுச்சு: தனியா ஆடின ஸ்கோரை ஹேண்டிகேப் கணக்கில் சேர்க்க முடியாது. சாட்சி இல்லையாம்!

இதையெல்லாம் விடிகாலையில் போடியில் ஜீப்புக்குக் காத்திருந்த ஓர் அக்காகிட்ட சொன்னேன். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. ''ஏப்பா, அவனே அடிச்சு, அவனே தேடி எடுக்கணுமா? கூட ஒரு ஆளும் கிடையாதா?''ன்னு வாய்விட்டுச் சிரிச்சாங்க. ''அதுக்கு எங்க கூட வா தம்பி... கூலியாச்சும் கிடைக்கும்.''

அந்த ஜீப்பில் தனிமைங்கிற பேச்சுக்கே இடமில்லை. நெருக்கியடிச்சு, தூக்குவாளியை மடியில் வெச்சுக்கிட்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் தினமும் ஏறுறாங்க. சாயங்காலம் அதே பதினேழும் இறக்கம். ஏலச் செடியில் காய் தரையை ஒட்டித்தான் பிடிக்கும். குனிஞ்சு, முற்றினதை மட்டும் பார்த்துப் பறிக்கணும். ஒரு மாசமோ ஒன்றரை மாசமோ கழிச்சு மறுபடி அதே செடிக்கு வரணும்.

இவங்களுக்கு மலைக்கு மேலே வெளிநாடா? 1956-ல் மாநிலங்களைப் பிரிச்சப்போ தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போச்சு. கோடு வரைஞ்சாலும் வேலை அங்கேதான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை வெடிச்சப்போ, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மூட்டை முடிச்சோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தாங்க. 2020 கொரோனாவில் செக்போஸ்ட் மூடினதும் அடுப்பும் அணைஞ்சுச்சு. பந்து காணாமல் போனால் இன்னொண்ணு எடுத்துக்கலாம். வேலை போனா?

சரி, கிளம்புறீங்களா? 2010 கடைசியில் நின்ன மதுரை - போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனிலிருந்து மறுபடி ஓடுது. மூணாறு போய்ச் சுத்தி வந்தால் குண்டளை. மைதானம் தனியார் வசம். அனுமதி வாங்காமல் மட்டையைத் தூக்கிட்டு உள்ளே போகாதீங்க.

குரங்கணிப் பக்கம் நடக்கிற ஆசை இருந்தால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். 2018 மார்ச் 11 காட்டுத்தீயில் அந்தச் சரிவில் சிக்கினவங்களில் 23 பேர் இறந்துபோனாங்க. காய்ஞ்ச புல் பிடிச்சுக்கிட்டால் ஓடுறதுக்கு வழி கிடைக்காது. தனியா போகணும்னா கோல்ஃப் மைதானத்துக்குப் போங்க. இந்தக் காட்டுக்குள்ளே மட்டும் வேண்டாம்!